மகாராஜா வாசித்த மரண அறிவித்தல்

கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். காலில் மினுங்கும் பூட்ஸ், தலையில் ஊதா நிறத் தலைப்பாகை, இரண்டுக்கும் நடுவே தங்கக்கரை வைத்த ஒரு காற்சட்டை. திரைக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர் மடக்குக் கதிரைகளைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு பொரித்த எண்ணெயும் தரைக்குப் பூசிய மெழுகும் சேர்ந்து மணத்தன. மொன்ட்ரியாலில் எந்தத் தேவாலயத்தின் நிலவறை மண்டபத்துக்குப் போனாலும் அந்த மணம்தான்.

தலைக்கு மேலே ஓடிய சூடேற்றும் குழாய் வழியாக ஒரு பாட்டு இறங்கி வந்தது. தமிழ்ப் பாட்டு. மேலே கோயிலில் எங்கள் சனத்தின் பூசை நடந்துகொண்டிருந்தது.

என் அம்மா பாடும்போது எல்லாரையும்விட அரைத் தாளம் பிந்தித்தான் வருவார். ஊரிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அந்தப் பிந்திய குரலை நான் குழாய்க்குள்ளே கண்டுபிடித்துவிட்டேன்.

மேலே தாய் செபம் சொல்லுகிறார். கீழே மகன் மல்யுத்த வில்லனாக நிற்கிறான். இன்னும் அரை மணித்தியாலத்தில் எனக்கு சாம்பியன் பெல்ட் கிடைக்கப் போகிறது. அம்மாவைப் பொறுத்தவரை நான் அந்த நேரம் சென்ட் லோரன்டில் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தேன்.

பொய்யா, மெய்யா

போன வாரத்துக் கட்டுரையைப் படித்துவிட்டு, புரோசார்ட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அன்ரன் அண்ணை, உந்தச் சண்டையெல்லாம் முதலே கதைச்சு வச்சுச் செய்யிறதுதானே. பேந்து ஏன் அதுக்கு ஒரு தொடர்?"

நல்ல கேள்வி. ஓம், யார் வெல்வது என்று முதலே தீர்மானித்துவிடுவார்கள். கலியாண வீட்டுக்குப் போகும்போதும் மாப்பிள்ளை யார் என்று எங்களுக்கு முதலே தெரியும். அதற்காக யாரும் போகாமல் நிற்பதில்லை.

ஆனால் விழுவது உண்மை. பலகைக்கு மேல் ஒரு விரல் தடிப்புக்கு மெத்தை, அதற்கு மேல் துணி. அதில் முதுகால் விழுந்தால் அது முதுகுதான். ஐயம் இருந்தால் என் இடது முழங்காலைக் கேட்டுப் பார்க்கலாம். பனிக்காலத்தில் அது நன்றாகவே பதில் சொல்லும்.

விழப் பழகினேன்

இந்த உலகத்துக்குள் என்னை இழுத்துவிட்டவன் ஸ்டெஃபான். சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் பண்டகசாலையில் நாங்கள் இருவரும் ஒரே ஷிஃப்ட். என் வயதுக்காரன். மத்தியானத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அம்மாவின் மீன்குழம்பை உரிமையோடு சாப்பிடுவான். கிழமை நாளில் பாரந்தூக்கி ஓட்டுவான், ஞாயிற்றுக்கிழமையில் ரிங்கில் கதாநாயகன்.

ஒருநாள் ஒரு பெட்டி அடுக்கு சரிந்து என்மேல் வந்தது. நான் பின்னால் உருண்டு எழும்பி நின்றேன். அவன் ஓடி வந்து, "நோகுதா?" என்று கேட்கவில்லை. "இன்னொரு தடவை அப்படி விழு பார்ப்போம்," என்றான்.

மொன்ட்ரியால் நோரில் டயர்க்கடை ஒன்றுக்குப் பின்னால் அவர்களுடைய பயிற்சிக் கூடம். முதல் நாலு மாதமும் விழுவது மட்டும்தான். நாடியை நெஞ்சோடு ஒட்டு, மூச்சை விடு, கையால் தரையை அறை. நான் விழுந்தால் பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அது எனக்கு வாய்த்த வரம். வில்லனுடைய வேலையே அதுதான்: கதாநாயகன் தொட்டாலே செத்தோம் என்று சனம் நம்பவேண்டும்.

சண்டைகளை நடத்தியவர் ரெயால் என்ற பழைய மல்லர். மீசையைத் தடவிக்கொண்டு என்னைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "நீ மகாராஜா," என்றார். அவர் பேசியது பிரெஞ்சு. நான் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் ஊரில் ராசா என்றால் சீட்டுக்கட்டில் மட்டும்தான்," என்றேன்.

"உன் ஊர் எனக்கும் தெரியாது, வருகிற சனத்துக்கும் தெரியாது. தலைப்பாகையைக் கட்டு."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் மன்னார் பேசாலையில் கடற்காற்றுக்குத் தலையில் துவாய் கட்டினவர்களைத்தான் கண்டிருக்கிறேன். ஆனால் கட்டிக்கொண்டேன். ரிங்கில் ஏறவேண்டும் என்ற ஆசை அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கம்தான்.

வாயில் வந்தது

உடம்பு இருந்தது. வாய்தான் சிக்கல். இந்தத் தொழிலில் மைக் பிடிக்கத் தெரியாதவன் எவ்வளவு நன்றாக விழுந்தாலும் முதல் சண்டையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். என் பிரெஞ்சோ பண்டகசாலைப் பிரெஞ்சு. "இது பாரம்", "அது உடையும்", இவ்வளவுதான்.

முதல் தரம் மைக்கைக் கையில் தந்தபோது அந்தப் பிரெஞ்சும் போய்விட்டது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று ரெயால் பல்லைக் கடித்தார்: "உன் பாஷையில் சொல்லித் தொலை! என்னவாவது சொல்!"

என் வாயில் வந்தது மரண அறிவித்தல்.

சிரிக்கவேண்டாம். எங்கள் வீட்டில் அம்மா ஒவ்வொரு விடியற்காலையும் போனைச் சீனி டின்னில் சாத்தி வைத்துவிட்டு, தமிழ் வானொலியின் மரண அறிவித்தல்களைக் கேட்பார். அது முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் பல் விளக்கியது, சப்பாத்துக் கட்டியது, பஸ்சைத் தவறவிட்டது எல்லாம் அந்தக் குரலோடுதான். செபங்களில் பாதி மறந்துபோச்சு. அது மறக்கவில்லை.

அந்த அறிவிப்பாளரின் அதே தாழ்ந்த, ஆறுதலான குரலில், எதிரே நின்ற ஸ்டெஃபானைப் பார்த்துத் தொடங்கினேன்:

"சிக்கூட்டிமியைப் பிறப்பிடமாகவும், லவாலை வதிவிடமாகவும் கொண்ட ஸ்டெஃபான் அவர்கள், இன்று ஞாயிற்றுக்கிழமை… காலமானார்!"

சொல் ஒருவருக்கும் விளங்கவில்லை, மிரட்டல் என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கூரை கிளம்புகிற மாதிரி ஒரு கூச்சல். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மணி எழும்பி வந்து, கைப்பையால் என் முதுகில் போட்டார் ஒன்று. அன்றிலிருந்து எனக்கு அவர் கைப்பை மதாம்.

"அது என்ன மந்திரம்?" என்று ரெயால் பின்னால் வந்து கேட்டார்.

"ஆயிரம் வருசத்துச் சாபம்," என்றேன். நானும் சும்மா விடவில்லை.

ஏறிய படிகள்

அதன் பிறகு ஏறுமுகம்தான். முதல் சண்டைக்காரனாக இருந்தவன் மூன்றாவதுக்கு வந்தேன், பிறகு பெரிய சண்டையான கடைசிக்கு. நாற்பது பேர் முந்நூறு ஆனார்கள். சோரெல், ஜோலியெட் என்று வெளியூர்களிலும் கூப்பிட்டார்கள்.

மைக்கைப் பற்றி நானாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. கத்தினால் சனமும் கத்தும், அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தினால் சனம் கதிரையின் நுனிக்கு வரும். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு மெதுவாகப் பார்த்தால், அவர்கள் மூச்சை உங்களிடம் தந்துவிடுவார்கள். ஆளுக்கொரு கவர்ச்சி வேண்டும் என்பார்களே, எனக்கு அது அந்த நிறுத்தத்தில்தான் இருந்தது.

இரண்டாவது பனிக்காலத்தில் சனம் அந்தச் சொல்லைப் பாடமாக்கிவிட்டது. நான் நிறுத்த, மண்டபமே சொல்லும்: "கா-ல-மா-னார்!" பிள்ளைகள் அதைத் தங்கள் எழுத்தில் மட்டையில் எழுதிப் பிடித்தார்கள். ஒரு பிரெஞ்சுக்காரப் பெடியன் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மரியாதையாக, "காலமானார், முசியே," என்று விடைபெற்றுப் போனான்.

வீட்டில் வந்து சிரித்துச் சொல்ல ஆளில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன்.

லொறி

அப்பா மன்னாரில் மீன்வாடிகளுக்கு ஐஸ் ஏற்றும் லொறி ஓட்டினவர். உள்நாட்டுப் போர் நடந்த காலம். ஒரு காலையில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனார். மத்தியானம் லொறி ரோட்டோரம் நிற்பதாக ஆட்கள் வந்து சொன்னார்கள். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். கதவு திறந்து கிடந்தது. ஐஸ் கரைந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் கால்கள் குளிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்பா இல்லை.

பிறகும் இல்லை. முகாம் முகாமாகத் தேடினோம். வருடங்கள் போயின. மாமா ஸ்பொன்சர் செய்து நாங்கள் இங்கே வந்தோம். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அங்கே அரசாங்கக் கந்தோரில் சொன்னார்கள், அம்மா வாங்கவில்லை. அவர் ஆன்மாவுக்கு ஒரு பூசையாவது ஒப்புக்கொடுங்கள் என்று சொந்தக்காரர் கேட்டார்கள், ஒப்புக்கொடுக்கவில்லை. வெள்ளைச் சேலை உடுக்கவில்லை. அப்பாவுக்கு மரண அறிவித்தல் இல்லை. தொலைந்ததைத் தேடித் தருகிற புனித அந்தோனியாருக்கு முன்னால் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மெழுகுதிரி, அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்த மகன்தான் மூன்று வருடமாக மரண அறிவித்தலை வாசித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குப் படவில்லையா, பட நான் விடவில்லையா? எத்தனை தரம் யோசித்தாலும் பிடிபடுவதில்லை. அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தேன் என்றால், எங்கேயோ தெரிந்துதான் இருந்திருக்கவேண்டும்.

சுவாமியார் சுருக்கிய பிரசங்கம்

இனித் திரைக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

தமிழ்ப் பூசை வழமையாக வேறொரு கோயிலில்தான். அங்கே சூடேற்றி பழுதாகிவிட்டதால், அந்த ஞாயிறு மட்டும் இந்தக் கோயிலுக்கு மாற்றினார்கள். எனக்கு முந்தின நாள்தான் தெரியவந்தது. பயப்படவில்லை. எங்கள் பூசை எப்போதாவது சொன்ன நேரத்துக்கு முடிந்திருக்கிறதா? சுவாமியார் பிரசங்கத்தை முடிக்கும்போது நான் பெல்ட்டோடு வீட்டில் இருப்பேன்.

அன்று சுவாமியார் வாழ்க்கையில் முதல் முறையாகப் பிரசங்கத்தைச் சுருக்கினார். இன்னொன்றையும் நான் மறந்துவிட்டேன். கோயிலின் சமையலறை கீழே, எங்கள் மண்டபத்தின் பின்கதவோடு இருந்தது. பூசை முடியத் தேநீரும் பொரித்த ரோல்ஸும் இல்லாமல் எங்கள் சனம் வீட்டுக்குப் போகாது.

நான் ரிங்கில் ஏறினேன். மைக்கை வாங்கினேன். "சிக்கூட்டிமியைப் பிறப்பிடமாகவும், லவாலை வதிவிடமாகவும் கொண்ட ஸ்டெஃபான் அவர்கள்…" நிறுத்தினேன். மெதுவாக முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பின்கதவில் அம்மா நின்றார். பூசைச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, காலில் பனிச் சப்பாத்து, இரண்டு கையிலும் ஒரு பெரிய அலுமினியத் தட்டு நிறைய ரோல்ஸ். முதலில் அவர் என்னைக் காணவில்லை. தமிழ்க் குரல் எங்கிருந்து வருகிறது என்றுதான் தேடினார். பிறகு கண்டார்.

எனக்குச் சொல் வரவில்லை. ஆனால் சனத்துக்கு வந்தது.

"காலமானார்!" என்றது மண்டபம். கதிரைகளைத் தட்டி, காலை உதைத்து, மறுபடியும், "காலமானார்! காலமானார்!"

நாடகம் என்றால் அந்தத் தட்டு கீழே விழுந்திருக்கும். அம்மா அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முந்நூறு வாயையும் ஒருமுறை பார்த்தார். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் மைக்கைத் தரையில் வைத்தேன். "என்ன?" என்று ஸ்டெஃபான் உதடு அசையாமல் கேட்டான். "அம்மா," என்றேன். அந்தச் சொல்லை அவனுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

பழகியபடியே சண்டை பிடித்தோம். பேசியபடியே வென்றேன். ரெயால் பெல்ட்டை இடுப்பில் கட்டினார். அது பாரமாகவும் குளிராகவும் இருந்தது என்பதைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

சமையலறையில்

அம்மா ரோல்ஸை அடுப்புத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓவர்டைம் முடிஞ்சுதோ?"

நான் தலைப்பாகையைக் கழற்றினேன். "அம்மா, அது சும்மா நடிப்பு…"

"நடிப்பெண்டு விளங்குது. எனக்கென்ன கண் தெரியாதே? எவ்வளவு காலமா அதை வாசிக்கிறாய்?"

"மூண்டு வருசம்."

இன்னும் இரண்டு ரோல்ஸை அடுக்கினார். "நான் ஒவ்வொரு நாளும் விடியக்காலமை எழும்பி அந்த ரேடியோவைக் கேக்கிறது எதுக்கெண்டு நினைச்சாய்?"

"ஊரில ஆர் செத்ததெண்டு அறியத்தானே."

"இல்லை." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "உன்ர அப்பான்ர பேரை ஆரும் அதில சொல்லிப்போடக் கூடாதெண்டு. உன்ர மாமி ஒருக்கா அறிவித்தல் குடுக்கப் பாத்தவ. நான்தான் மறிச்சனான். எனக்குத் தெரியாமத் திரும்பக் குடுத்திடுவினமோ எண்டு ஒவ்வொரு நாளும் காவல் இருக்கிறன். நீ என்னடா எண்டால் அதை ஊருக்கெல்லாம் பாடமாக்கி வச்சிருக்கிறாய்."

பேச்சால் மேலே வந்தவன் நான். அந்தச் சமையலறையில் தலைப்பாகையைச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டு நின்றேன். "அம்மா, எனக்கு வேற ஒண்டும் வாயில வரேல்லை," என்று கடைசியில் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெஃபான் கதவைத் தள்ளிக்கொண்டு, முழங்காலுக்கு ஐஸ் கேட்டு வந்தான். அம்மா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இவரோ செத்தவர்?"

"ஓம்."

"தாய் இருக்கிறாவோ?"

"இருக்கிறா. சிக்கூட்டிமியில."

"அவ கேட்டால் என்ன நினைப்பா?" என்றார் அம்மா. என் பதிலுக்குக் காத்திருக்காமல், சூடான நாலு ரோல்ஸைக் கடதாசியில் வைத்து அவனிடம் நீட்டினார். "சாப்பிடச் சொல்லு. செத்த மனுசருக்குப் பசிக்கும்."

மாற்றின சொல்

இனி அதை வாசிக்க மாட்டேன் என்று ரெயாலிடம் சொன்னேன். குதித்தார். "அந்தச் சாபம்தானே நீ! அதில்லாவிட்டால் நீ வெறும் தலைப்பாகை!"

"அதுவும் வேண்டாம்," என்று தலைப்பாகையை அவர் மேசையில் வைத்தேன். பெல்ட் போகும் என்றார். போகட்டும் என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஏறி வந்த படி முழுவதும் அந்த ஒரு வாசிப்புத்தான். அதை விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

பெல்ட்டைப் பறிக்கவாவது என்னை ஒருமுறை ஏற்றவேண்டுமே. அடுத்த சண்டைக்கு வெறுந்தலையோடு ஏறினேன். எதிரே அதே ஸ்டெஃபான். மைக் கைக்கு வந்ததும் வாய் தன் பழைய பாதையில்தான் போயிற்று. பிறப்பிடம், வதிவிடம், அதே குரல், அதே நிறுத்தம். சனம் வாயைத் திறந்தது. நான் கையை உயர்த்தி மறித்துவிட்டுச் சொன்னேன்:

"இருக்கிறார்."

அவர்களுக்கு விளங்கவில்லை. பழையதைக் கத்தினார்கள். இல்லை என்று தலையாட்டி, மறுபடியும் சொன்னேன். "இருக்கிறார்." ஸ்டெஃபானுக்கு என்ன தோன்றியதோ, வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல் கையை உயர்த்திக் காட்டினான். சனம் சிரித்தது. பிறகு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அன்று நான் தோற்றேன். வெளியே போகும்போது என் முதுகில் கைப்பை விழவில்லை, ஒரு கை தட்டிக்கொடுத்தது.

வில்லன் அதோடு முடிந்தான். பிறகு வந்த பெரிய மண்டபங்கள், திரும்ப வந்த பெல்ட் எல்லாம் அந்தப் புதிய சொல்லோடு வந்தவை. இரண்டு மாதத்தில் ரெயால் அது தன்னுடைய யோசனை என்று சொல்லித் திரிந்தார். திரியட்டும்.

அம்மா வரத் தொடங்கினார். முன்வரிசையில், கைப்பை மதாமுக்குப் பக்கத்துக் கதிரை. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. ரோல்ஸ் இருந்தது.

ஒரு ஞாயிறு, நான் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது அம்மா கூப்பிட்டார். லொறி ரோட்டோரம் நின்ற மாதம் அது. இருவருக்கும் தெரியும், இருவரும் அதைச் சொல்லவில்லை.

"தம்பி, இண்டைக்கு அவற்ர பேரையும் ஒருக்காச் சொல்லுவியோ?"

நான் பையைக் கீழே வைத்தேன். "சொல்லுறன். பிறப்பிடம் பேசாலை. வதிவிடம் என்னெண்டு சொல்லுறது, அம்மா?"

அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்கட இடத்தைச் சொல்லு. மொன்ட்ரியால் நோர். நாங்கள் இருக்கிற இடந்தானே அவருக்கும்."

அன்று ரிங்கில் நின்று, தாழ்ந்த குரலில் வாசித்தேன்: "மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், மொன்ட்ரியால் நோரை வதிவிடமாகவும் கொண்ட, லொறிச் சாரதி சந்தியாப்பிள்ளை பிலிப் அவர்கள்…"

நிறுத்தினேன். கையை உயர்த்தப் போன ஸ்டெஃபான், தன் பெயர் இல்லை என்று கண்டு கையை இறக்கிக்கொண்டான்.

"இருக்கிறார்!" என்றது மண்டபம். யார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கைப்பை மதாம் எழும்பி நின்று கத்தினார்.

சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகு, முன்வரிசையிலிருந்து, அரைத் தாளம் பிந்தி, ஒரு குரல் தனியாக வந்தது.

"இருக்கிறார்."